மூணு ஜின் ஆச்சு

நியூ ஜெர்சியில் அக்டோபர் வந்துவிட்டால் நர்சரிக்காரர்களின் மனம் இளகிவிடும். குளிருக்குள் விற்றுத் தீர்க்க வேண்டுமே, எல்லாச் செடியும் பாதி விலை. புல்லுக்கு உரம் வாங்கப் போன நான், 12 டாலருக்கு ஒரு ஜூனிப்பரோடு வீடு திரும்பினேன். தரையோடு படர்கிற குட்டை ரகம். இங்கே வங்கி வாசலிலும் பல் டாக்டர் வாசலிலும் நாய்கள் காலைத் தூக்குமே, அதே புதர்தான். ஆனால் மூன்று மாதமாக யூடியூபில் போன்சாய் வீடியோ, அதாவது மரத்தைத் தொட்டிக்குள் குட்டையாக வளர்க்கும் ஜப்பான் கலை, பார்த்துக் கெட்டுப்போனவன் கண்ணுக்கு அது புதராகவா தெரியும்?

எல்லாம் வாஷிங்டன் போன இடத்தில் பிடித்த வினை. அங்கே போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்படுவது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு சுவர் மறைவில் இருந்து பிழைத்திருக்கிறது. யாமாகி என்பவர் 1976-ல் அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். குண்டுக்குத் தப்பிய கதையே, 2001-ல் அவருடைய பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரியுமாம். அணுகுண்டையே தாங்கிய மரம் என்றால் நம் கையையும் ஒரு மரம் தாங்காதா என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்கட்டு மேஜையில் செடியை ஏற்றினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஆதரவு தருகிறாள் என்றுதான் முதலில் எண்ணினேன்.

முதல் வேலை, மேல்மண்ணைக் கிளறி வேர் பிரியும் இடத்தைத் தேடுவது. நர்சரிச் செடிகளில் அடித்தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்துதான் இருக்கும். சைனீஸ் சாப்பாட்டோடு வந்த குச்சியால் கிண்டக் கிண்ட, இரண்டு அங்குலத்துக்குக் கீழே என் பெருவிரல் கனத்தில் ஒரு தண்டு, லேசாக இடுப்பை ஒடித்து நின்றது. உண்மையிலேயே அழகு. "அம்மா, இங்க பாரு!" என்று கத்தினேன்.

"வேரைத் தோண்டிட்டியா? சரிதான், இனி பிழைச்ச மாதிரிதான்" என்றாள்.

அப்புறம் கத்தரி. கீழே தொங்குவது, ஒரே இடத்தில் எதிரெதிராகக் கிளம்புவது, கவட்டில் குறுக்கே வளர்வது, இவற்றையெல்லாம் எடுக்க வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் விஷயம். ஜூனிப்பர் தன் பலத்தை இலையில்தான் வைத்திருக்கும். பச்சையே இல்லாமல் மொட்டையாக விட்ட கிளை மறுபடி துளிர்க்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், வலப்பக்கம் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. எடுத்தேன். இப்போது இடப்பக்கம் கனம். எடுத்தேன். சின்ன வயதில் அப்பா எனக்கு வீட்டிலேயே கிராப் வெட்டிவிட்ட ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அன்றும் கடைசியில் மொட்டைதான்.

வெட்ட வெட்டப் பென்சில் சீவிய வாசனை. பென்சில் செய்ய ஒரு காலத்தில் வாங்கிய மரமும் ஒரு வகை ஜூனிப்பர்தான். வாசனை சுகமாக இருந்தது, முள் இலை பட்டு முழங்கை வரை சிவந்து தடித்தது தவிர.

"நல்லா புசுபுசுன்னு இருந்த செடி" என்றாள் அம்மா பூண்டைப் பார்த்தபடியே. "இதைத் தரையில ஊணி விட்டா அது பாட்டுக்கு வளரும்லா?"

அடுத்தது கம்பி. அலுமினியக் கம்பி, கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, 45 டிகிரி சாய்வாகச் சுற்ற வேண்டும். வீடியோவில் அந்த ஆள் சுற்றும்போது வளையல் அடுக்கியது போல இருந்தது. நான் சுற்றியதைப் பார்த்தால், எலக்ட்ரீஷியன் பாதி வேலையில் டீ குடிக்கப் போய்த் திரும்பி வராத மாதிரி. அதிலும் திருப்தி வராமல், முக்கியமான கிளையைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வளைத்தேன். டக்.

இந்த இடத்தில் ஜப்பான்காரர்களின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். ஒடிந்த கிளையை வெட்டி எறியத் தேவையில்லை. பட்டையை உரித்து, குச்சியை வெளுக்கவைத்து விட்டால், மின்னல் தாக்கிய பழைய மரம் மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் ஜின். தப்புப் பண்ணிவிட்டு அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்றால், எனக்கென்றே வந்த கலை.

மத்தியானம் நண்பன் போன் செய்தான். அவனும் போன்சாய்ப் பைத்தியம். பின்கட்டில் நடந்துகொண்டே பேசினேன். "ஆமாடா, காலையிலேயே ரெண்டு போட்டாச்சு. இப்ப மூணாவது ஜின். இன்னும் ஒண்ணு போட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா தாங்குமான்னு தெரியல."

அன்று மாலை அம்மா என்னோடு பேசவில்லை. ராத்திரி தட்டில் தோசை வந்தது, சட்னி வரவில்லை. மனைவிதான் சமையலறைக்குள் இழுத்துக் கேட்டாள்: "ஏங்க, அத்தை அழுறாங்க. பகல்லயே குடிக்கிறீங்களாமே?"

டார்ச் அடித்துச் செடியைக் காட்டினேன். மூன்று குச்சிகளையும் தொட்டுக் காட்டினேன். அம்மா பாதி நம்பினாள். அதற்குள் மனைவி போனில் எதையோ தேடி, "அத்தை, அந்த ஜின்னுக்கே வாசனை ஜூனிப்பர் காயிலேர்ந்துதான் வருதாம்" என்று படித்துக் காட்டிவிட்டாள். "அது வேற ஜூனிப்பர்" என்று நான் சொன்னது, வக்கீல் இல்லாமல் வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

நான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த நீல நிறப் பீங்கான் தொட்டி 40 டாலர். செடியை விட மூன்று மடங்கு. ஆனால் இவ்வளவு வெட்டிய கையோடு தொட்டியும் மாற்றினால் செடி போய்விடும், வசந்தம் வரை பொறுக்க வேண்டும். காத்திருந்த தொட்டியில் அம்மா சின்ன வெங்காயம் போட்டு வைத்தாள். அடியில் ஓட்டை இருப்பதால் காற்றுப் போக வசதியாம்.

டிசம்பரில் முதல் பனி. காலையில் எழுந்து பார்த்தால், கராஜ் சுவரோரம் காய்ந்த இலைக்குள் புதைத்து வைத்திருந்த ஜூனிப்பரைக் காணோம். வீட்டுக்குள், எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில் நின்றது. கறிவேப்பிலை எங்கள் வீட்டின் செல்லப் பிள்ளை, செப்டம்பர் கடைசியிலேயே உள்ளே வந்துவிடும். ஜூனிப்பர் அப்படியில்லை, குளிரில் வெளியே தூங்கினால்தான் அதற்கு ஆயுசு என்று விளக்கினேன்.

"தூங்குற பிள்ளையை யாராவது பனியில போடுவாங்களா?" என்றாள். இதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

வெளியே கொண்டுபோய் வைத்தேன். ஜனவரியில் செடி பழுப்பும் ஊதாவுமாக நிறம் மாறியது. குளிருக்கு அப்படி மாறுவது வழக்கம்தான் என்றேன். அப்போ பச்சையாக இருந்தால்தான் நல்லதா என்று மனைவி கேட்டாள். அதுவும் இல்லை, செத்துப்போன ஜூனிப்பர் பல வாரம் பச்சையாகவே இருக்கும் என்றேன். பச்சையாக இருந்தால் செத்திருக்கலாம், பழுப்பாக இருந்தால் பிழைத்திருக்கலாம். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் ஜின் சந்தேகம் மறுபடி வந்திருந்தது.

பிப்ரவரியில் அம்மா ஊருக்குப் போனாள். ஏப்ரலில், மிச்சமிருந்த இரண்டு கிளைகளிலும் இளம்பச்சை நுனிகள். பெருமையோடு இங்குள்ள போன்சாய் கிளப்புக்குத் தூக்கிப்போனேன். ஒரு வெள்ளைத்தாடிப் பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெண் பார்த்துவிட்டு "பொண்ணு நல்லா படிச்சிருக்கு" என்பார்களே, அந்தக் குரலில் "தண்டு நல்லா இருக்கு" என்றார். அப்புறம், கம்பியை எடுத்துவிட்டுத் தரையில் நட்டுவிடு, ஐந்து வருஷம் அது இஷ்டத்துக்கு வளரட்டும், தண்டு பருத்த பிறகு பார்க்கலாம் என்றார்.

சனிக்கிழமை வீடியோ காலில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கக் குழி தோண்டினேன். பெரியவர் சொன்னதைச் சொன்னதும், "இதுக்கு அவ்வளவு தூரம் போய்க் கேக்கணுமாக்கும்?" என்றாள். கம்பியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். ஆனால் கம்பி விலைக்கு வாங்கியது அல்லவா, மெதுவாகப் பிரித்தேன்.

டக்.

"என்னய்யா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நாலாச்சாக்கும்" என்றாள்.