தெவெனின் சுற்று: 100 வோல்ட் சப்ளையில் 160 வோல்ட்

தெவெனின் முறை என்பது லோடைத் தவிர்த்த சுற்று முழுவதையும் ஒரே வோல்டேஜ் மூலமும் அதற்குத் தொடரில் ஒரே இம்பிடன்ஸும் (ஏசிக்குச் சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு) ஆக்குவது. அப்படி ஏசி சுற்றைச் சுருக்கும்போது திறந்த முனை வோல்டேஜ், ஷார்ட் மின்னோட்டம், இம்பிடன்ஸ் மூன்றையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுவிடுவேன். இரண்டு தெரிந்தாலே மூன்றாவது கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் கோணத்தில் நுழைந்த பிழையைக் காட்டிக்கொடுப்பது அந்த மூன்றாவது கணக்குதான்.

சப்ளை 100 வோல்ட் ஆர்எம்எஸ் (உச்ச மதிப்பு அல்ல, மீட்டர் காட்டும் பயனுறு மதிப்பு), 50 ஹெர்ட்ஸ். தொடரில் 6 ஓம் ரெசிஸ்டரும் 25.5 மில்லிஹென்றி காயிலும். அதற்குப் பின் குறுக்கே 199 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதன் இரு முனைகளில் லோடு. காயில் +ஜே8 ஓம், கெப்பாசிட்டர் −ஜே16 ஓம். ஜே என்பது ரெசிஸ்டன்ஸுக்கு 90° விலகிய பகுதி; கீழே ∠ குறிக்கு முன்னால் இருப்பது அளவு, பின்னால் இருப்பது கோணம்.

லோடைக் கழற்றினால் மொத்தம் 6−ஜே8, அதாவது 10∠−53.13°. கெப்பாசிட்டரின் பங்கு 100 × 16∠−90° ÷ 10∠−53.13° = 160∠−36.87° வோல்ட். சப்ளையைவிட அதிகமாக வந்ததைப் பார்த்துப் பலர் கணக்கை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம்! காயிலும் கெப்பாசிட்டரும் எதிரெதிர் குறி. 8 போய் 16இல் 8தான் மிச்சம். அளவுகளை மட்டும் எடுத்து 10 + 16 = 26 என்று கூட்டுவதுதான் தவறு.

அடுத்து இம்பிடன்ஸ்: காகிதத்தில் மட்டும் சப்ளையை ஷார்ட் செய்து, இரு கிளைகளையும் பக்க இணைப்பாக எடுத்தால் 16∠16.26°, அதாவது 15.36+ஜே4.48 ஓம். சுற்றில் சார்பு மூலம் (வேறோர் இடத்து வோல்டேஜ் அல்லது மின்னோட்டத்தைப் பொறுத்து மாறும் மூலம்) இருந்தால் அதை அணைக்கக் கூடாது. முனைகளில் 1 ஆம்பியர் செலுத்தி, வரும் வோல்டேஜைப் பார்க்க வேண்டும்.

முனைகளை ஷார்ட் செய்தால் கெப்பாசிட்டர் கணக்கிலிருந்து போய்விடும்: 100 ÷ (6+ஜே8) = 10∠−53.13° ஆம்பியர். 160∠−36.87°ஐ 16∠16.26°ஆல் வகுத்தாலும் அதே விடை. நார்ட்டன் மூலமும் (இதே சுற்றை மின்னோட்ட மூலமாகக் காட்டும் வடிவம்) இதுவே. இரண்டும் பொருந்தவில்லையென்றால் முதலில் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உச்சத் திறனுக்கு இம்பிடன்ஸின் ஜே குறியை மட்டும் மாற்ற வேண்டும்: லோடு 15.36−ஜே4.48 ஓம், கிடைப்பது 160² ÷ (4 × 15.36) = 417 வாட். வெறும் ரெசிஸ்டர்தான் என்றால் 16 ஓம், 408 வாட். 100 வோல்ட் என்பதை உச்ச மதிப்பாக எடுத்திருந்தால் இரண்டும் பாதியாகிவிடும்.

லேபில் இதைச் சரிபார்க்க வேரியாக்கை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) 10 வோல்ட்டில் வையுங்கள். முனைகள் திறந்திருந்தால் 16 வோல்ட்டும், ஷார்ட் செய்தால் 1 ஆம்பியரும் காட்ட வேண்டும். ரெசிஸ்டருக்கு 10 வாட் போதும். காயிலின் சொந்த ரெசிஸ்டன்ஸை அளந்து 6 ஓமிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். முழு 100 வோல்ட் கொடுத்தால் கெப்பாசிட்டரில் உச்சம் 226 வோல்ட், ஓடுவது 10 ஆம்பியர். துருவம் உள்ள எலக்ட்ரோலைட்டிக்கை அங்கே போடவே கூடாது, வெடித்துவிடும்.

இந்த 160 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும். 60 ஹெர்ட்ஸில் அதே பாகங்கள் 189 வோல்ட் தரும். இம்பிடன்ஸையும் புதிதாகப் போட வேண்டும்.