இரு, ஏறிடும்

"அண்ணே, ஒரு நிமிஷம் ஆயிருச்சு" என்று பட்டறையில் கூட வேலை செய்யும் தம்பி சொன்னபோது நான் வண்டியை அணைக்கவில்லை. "இரு, ஆயில் ஏறிடும்" என்றேன். ஏறவும் செய்தது. அவன் செல்போனில் ஓடிய கடிகாரத்தில் அப்போது 98 வினாடி. அந்த 38 வினாடி ஒரு வருஷமாக என்னை விடவில்லை.

வண்டி யமஹா எஃப்இசட், 153 சிசி. பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வால்வு லேப்பிங் செய்து, ஆயில் பம்பையும் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தேன். காரில் இருப்பதுபோல ஆயில் பிரஷர் விளக்கு இந்த வண்டியில் கிடையாது. ஹெட்டில் உள்ள ஒரு சின்ன போல்ட்தான் நமக்குச் சாட்சி. அதை லேசாகத் தளர்த்திவிட்டு எஞ்சினை ஐட்லிங்கில் விட வேண்டும். ஆயில் கசிந்தால் இறுக்கிவிடலாம். ஒரு நிமிஷம் ஆகியும் கசியவில்லை என்றால், எஞ்சின் காய்ந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும் முன் அணைத்துவிட்டு பம்ப், ஃபில்டர், ஆயில் வழிகளைப் பார்க்கச் சொல்கிறது யமஹாவின் புத்தகம். இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஏன் தாமதமாக ஏறியது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பம்ப் உள்ளே காய்ந்து கிடந்தது. இந்த வகை பம்பில் ஒரு ரோட்டருக்குள் இன்னொரு ரோட்டர் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஆயில் படலம் இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். மாட்டும்போதே உள்ளே நாலு சொட்டு ஆயில் விட வேண்டும். அப்புறம் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, செல்ஃபில் கொஞ்ச நேரம் சுற்றவிட வேண்டும். பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் இல்லாததால் எஞ்சின் இலேசாகச் சுற்றும். ஸ்டார்ட் ஆகும் முன்பே ஆயில் பாதி வழி போயிருக்கும். அன்றைக்கு நான் இரண்டையும் செய்யவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. சுற்றவிட்டு இருக்கிற சார்ஜையும் தீர்த்துவிட்டால் ஸ்டார்ட் ஆகாதே என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற வண்டியின் பேட்டரியைக் கழற்றி ஒயர் கொடுத்திருக்கலாம், பத்து நிமிஷ வேலை. அது இப்போது தோன்றுகிறது. அண்ணாச்சி வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மகன் வெளிநாடு போன பிறகு அவர் ஓட்ட ஆரம்பித்த வண்டி அது. இரண்டு முறை எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

ஐட்லிங்கில் 1,400 சுற்று என்று வைத்துக்கொண்டால், 98 வினாடியில் கிராங்க் ஏறக்குறைய 2,300 முறை சுற்றியிருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் அதில் பாதி. கேம் மேல் மாட்டும்போதே ஆயில் தடவியிருந்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. விரலில் இருந்த மிச்சத்தைத் துணியில் துடைத்ததுகூட நினைவிருக்கிறது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ஆடும் ராக்கர்களைத் தாங்குகிற ராக்கர் ஷாப்டில் தடவினேனா? தடவியிருப்பேன். எப்போதும் தடவுகிறவன்தான். ஆனால் அன்றைக்குத் தடவிய காட்சி எவ்வளவு முயன்றாலும் கண்ணுக்குள் வரவில்லை.

அந்த ஒரு நிமிஷக் கணக்கில் கொஞ்சம் தாராளம் இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். 58-ல் வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். 98-ல் வந்ததற்காக மட்டும் ஏன் கலங்க வேண்டும் என்றும் எனக்கு நானே கேட்டிருக்கிறேன். ஆனால் கையில் ஸ்பேனரோடு போல்டையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் இப்படி எதையும் யோசிக்கவில்லை. தம்பியின் கை சாவியை நோக்கிப் போனது. அவன் கையை நான் தடுத்தேன். அணைத்தால் திரும்ப ஆயிலை இறக்கி, கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்து, புது கேஸ்கெட் போட்டு, அரை நாள் போய்விடும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. அவன் முன்னால் தோற்றதுபோல ஆகிவிடும் என்றும் ஒரு ஓரத்தில் இருந்திருக்கலாம்.

நாலு மாதம் கழித்து வண்டி ஹெட்டில் டக்டக் சத்தத்தோடு வந்தது. பிரித்தால் ராக்கர் ஷாப்டில் ஆழமான கோடுகள், விரல் நகத்தில் தட்டுப்பட்டன. ஆனால் அதற்கு முன் ஆயிலை இறக்கியபோது ஒரு லிட்டர் விட்ட இடத்தில் 600 மில்லிதான் வந்தது. 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வரச் சொல்லியிருந்தேன். மீட்டர்படி அதற்குள் 2,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. புது ரிங் பதியும் வரை கொஞ்சம் ஆயில் குடிக்கும், அதனால்தான் அடிக்கடி அளவு பார்க்கச் சொல்வது. அவர் பார்க்கவே இல்லை.

"ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க அண்ணாச்சி. அதான் இப்படி" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதான் தம்பி. அவன் இருந்தா பாத்திருப்பான்."

தம்பி பின்னால் பெட்ரோலில் சாமான் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆயில் குறைவாகத்தான் இருந்தது. பிரேக் அடிக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் குறைந்த ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்திருக்கலாம். மேலே ஷாப்ட்தான் முதலில் அடிவாங்கும். அதே சமயம், 98 வினாடி காய்ந்து உரசிய ஷாப்டில் அன்றைக்கே மெல்லிய கீறல் விழுந்து, நாலு மாதத்தில் வளர்ந்திருக்கவும் இடம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. போல்டில் கசிவது ஆயில் அங்கே வந்து சேர்ந்ததை மட்டும்தான் காட்டும். அழுத்தம் எவ்வளவு என்று தெரிய கேஜ் மாட்ட வேண்டும், அதுவும் சூடான பிறகு. ஆயில் சூடாகி இளகினால்தான் தேய்ந்த பம்ப் தன் குறையைக் காட்டும். நான் குளிர்ந்த எஞ்சினில் பார்த்ததோடு சரி. பம்ப் ரோட்டரின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்து அளக்கவில்லை, கண்ணால் பார்த்து நல்லா இருக்கு என்று மாட்டினேன். இதில் எது காரணம் என்று அந்த ஷாப்டை வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி முடியாது என்பதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

சாமானுக்கு மட்டும் காசு வாங்கினேன், கூலி வேண்டாம் என்றேன். "உங்களுக்கு நல்ல மனசு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் தம்பி ஏதாவது கேட்பான் என்று காத்திருந்ததுபோல நின்றேன். அவன் கை கழுவிவிட்டு, "வர்றேண்ணே" என்று கிளம்பிவிட்டான்.

இப்போது பேட்டரி எப்படி இருந்தாலும் முதலில் ப்ளக்கைக் கழற்றிச் சுற்றவிடுகிறோம். சாவியில் தம்பியின் கை இருக்கும். வினாடியை அவன் சத்தமாக எண்ணுவான், அறுபது சொன்னதும் என்னைக் கேட்காமலே அணைப்பான். நான் அப்படிச் செய்யச் சொன்னதாக நினைவில்லை, அவனாக ஆரம்பித்தது.

போன மாதம் அண்ணாச்சி செயின் இறுக்க வந்தார். வண்டி நன்றாக ஓடுகிறது. "நீங்க சொன்னதிலேருந்து வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஆயில் பாத்துர்றேன் தம்பி" என்றார். தம்பி செயினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். நான் சொல்ல வாயெடுத்தேன்.

"நல்லது அண்ணாச்சி" என்றேன்.