எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கிடைத்த தாளம்

கணினியில் சின்னச் சின்ன இசைத் துண்டுகள் செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. கொஞ்ச காலமாக எதைத் தொடங்கினாலும் அதே நாலு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு), திரும்பத் திரும்ப ஓடும் அதே டிரம் லூப். பாதியிலேயே அலுத்துப்போய் மூடிவைத்துவிடுவேன். இப்போது ஒன்று கிட்டத்தட்ட முடிந்திருக்கிறது. அதற்கான பொறி கிடைத்தது கழுத்து வலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில். (கழுத்தில் பெரிதாக ஒன்றுமில்லையாம்.)

அந்த இயந்திரத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. காதை அடைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். முதலில் எப்போது முடியுமோ என்றுதான் இருந்தது. ஆனால் அசையக் கூடாது, பார்க்க ஒன்றுமில்லை, போனும் கையில் இல்லை. வேறு வழியில்லாமல் காது வேலை செய்ய ஆரம்பித்தது.

ஸ்கேன் ஓடாத இடைவெளியிலும் ஒரு சத்தம் நிற்கவே இல்லை: குருவி கத்துவதுபோல 'சிக்... சிக்...' என்று. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் குளிரூட்டியின் சத்தம் அது. அதன்மேல் ஸ்கேனின் தட்டல் வந்து விழுந்தது. தட்டலை மனசுக்குள் 'தகதிமி' என்று எண்ணினேன். குருவியோ ஏறக்குறைய மூன்று தட்டலுக்கு ஒருமுறை வந்தது. மூன்றும் நாலும் என்றால் 12 தட்டலுக்கு ஒருமுறை சேர வேண்டும். சேர்ந்தன, ஆனால் கச்சிதமாக இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கேட்காத தனித்தனி இயந்திரங்கள். மெல்ல மெல்ல நழுவின. அந்த நழுவல்தான் எனக்குப் பிடித்துப்போனது. வெளியே வந்ததும் உடை மாற்றும் அறையிலேயே போனை எடுத்து வாயால் தட்டிப் பதிவு செய்துகொண்டேன். கதவுக்கு வெளியே நின்றவர் என்ன நினைத்தாரோ!

வீட்டில் உட்கார்ந்து அதை அப்படியே கட்டினேன். தட்டலுக்கு, மேல் அதிர்வெண்களை வெட்டிய ஒரு குட்டிச் சதுர அலை. குருவிக்கு, கண் சிமிட்டும் நேரம் மட்டும் வரும் இரைச்சல். தட்டல் லூப் சரியாக நாலு பீட். குருவி லூப்பை மென்பொருளின் தாளக் கட்டங்களில் (கிரிட்) ஒட்டவிடாமல், மூன்றைவிட ஒரு துளி நீளமாக வைத்தேன். மென்பொருள் தானாகவே இழுத்து நேராக்கப் பார்க்கும்; அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

இயந்திரம் ஏன் அப்படித் தட்டுகிறது என்று படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. வலுவான காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் வேகமாக மாறிமாறிப் பாய்கிறது, அதனால் சுருள் அதிர்கிறது. ஸ்பீக்கர் வேலை செய்வதும் இதே விதத்தில்தான். மெதுவாக மாறினால் தட்டல், வேகமாக மாறினால் ஸ்வரம். சரி, என் தட்டலையும் வேகப்படுத்திப் பார்ப்போம் என்று நொடிக்கு 8-லிருந்து மெல்ல ஏற்றினேன். 20 வாக்கில் தனித்தனி அடிகள் கரைந்து உறுமலாகின. 55-ல் நிறுத்தினால் அது மேற்கத்திய இசையில் கீழ் ஆக்டேவின் 'ஏ' ஸ்வரம். துண்டின் பேஸ் (அடியில் ஒலிக்கும் கனத்த) ஸ்வரம் அதுவேதான். தனியாக ஒரு கருவி தேவைப்படவில்லை.

பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரயன் ஈனோ நினைவுக்கு வந்தார். 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, ஹார்ப் இசைத்தட்டு ஒன்று மிகக் குறைந்த சத்தத்தில் ஓடியது. எழுந்துபோய்க் கூட்ட உடம்பில் தெம்பில்லை. மழைச் சத்தத்தோடு கலந்து அரைகுறையாகக் கேட்ட அந்த இசைதான் அவரைச் சூழலோடு கலந்து ஒலிக்கும் இசையின் பக்கம் திருப்பியது. அவருக்கும் எழ முடியவில்லை, எனக்கும் அசைய முடியவில்லை. சத்தத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்திருந்தால் இரண்டு பேருமே மாற்றியிருப்போம்!

இன்னும் முடியாத வேலை: நடுவில் குருவி மட்டும் தனியாக வரும் இடம் ஹெட்போனில் காதைக் குத்துகிறது. போன் ஸ்பீக்கரிலோ அந்த 55 ஹெர்ட்ஸ் உறுமல் காணாமலே போய்விடுகிறது. அவ்வளவு கீழே இறங்க அதற்குச் சக்தியில்லை. மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரைக் கொஞ்சம் திறந்து 110, 165 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களை உள்ளே விட்டால் காது அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். இந்த வாரம் அந்த வேலைதான்.