நல்கை தேடுவதில் பாதி வேலை, தள்ளுவது

நல்கை, அதாவது ஆய்வுக்கான நிதியுதவி, தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தங்கள் துறையின் பெயரோடு 'கிராண்ட்', 'ஃபெல்லோஷிப்' என்ற சொற்களைச் சேர்த்து கூகுளில் தட்டுவதுதான். வந்து விழுவதில் பல, தேதி முடிந்தவை. மிச்சமிருப்பவற்றில் பல, நமக்குத் தகுதியில்லாதவை. இரண்டு மாதம் இப்படியே போகும். கடைசியில் பொருந்தாத ஏதோ ஒன்றுக்கு அவசரமாக எழுதி அனுப்பி, நிராகரிப்பு வந்ததும் 'எல்லாம் ஆள் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்' என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

பல சுற்று விண்ணப்பம் எழுதி, பிறர் எழுதியதையும் திருத்திக் கொடுத்துப் பழகிய பிறகு எங்கள் வழக்கம் தலைகீழாகிவிட்டது. அறிவிப்பைத் தேடும் முன், ஏற்கெனவே பணம் கிடைத்த ஆய்வுகளைத் தேடுகிறோம். உங்கள் முன்மொழிவில் மேற்கோள் காட்டப்போகும் கட்டுரைகளில் கடந்த ஐந்தாண்டுகளில் வந்த இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் நன்றியுரையோ 'நிதியுதவி' என்ற பத்தியோ இருக்கும். நிதி கொடுத்த அமைப்பு, திட்டத்தின் பெயர், நல்கை எண் மூன்றையும் எக்செல் ஷீட்டில் ஏற்றுங்கள். ஒரு மணி நேர வேலை. மூன்று முறைக்கு மேல் வரும் பெயர்கள்தான் உங்கள் முதல் பட்டியல்.

அந்த எண்ணே நிறையச் சொல்லும். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி கொடுக்கும் அரசு அமைப்பான என்.ஐ.எச்.சின் எண்களின் தொடக்கத்தில் உள்ள குறியீடு நல்கையின் வகை. 'ஆர்01' என்றால் முழு அளவு ஆய்வுத் திட்டம். 'ஆர்21' என்றால் இரண்டாண்டு முன்னோட்ட ஆய்வு. 'எஃப்32' போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கான ஃபெல்லோஷிப். 'கே99' போஸ்ட்டாக்கிலிருந்து ஆசிரியப் பணிக்கு மாறுகிறவர்களுக்கு. உங்களைப் போன்ற ஓர் இளம் ஆய்வாளரின் கட்டுரையில் 'ஆர்01' இருந்தால், அது அநேகமாக அவருடைய மேற்பார்வையாளரின் பணம். 'எஃப்32' இருந்தால் அவரே போட்டியிட்டு வாங்கியது. நீங்கள் பின்தொடர வேண்டியது இரண்டாவதை.

எண் கிடைத்ததும் அந்தந்த அமைப்பின் பொதுத் தரவுத்தளத்துக்குப் போங்கள். என்.ஐ.எச்.சுக்கு 'ரிப்போர்ட்டர்', ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 'கார்டிஸ்', பிரிட்டனுக்கு 'கேட்வே டு ரிசர்ச்', ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி.க்கு 'கெப்ரிஸ்', அமெரிக்காவின் அறிவியல் நிதி அமைப்பான என்.எஸ்.எஃப்.புக்கு 'அவார்ட் சர்ச்'. எல்லாம் இலவசம். யாருக்கு, எந்த ஆண்டில், என்ன தலைப்பில் கொடுத்தார்கள் என்பது சுருக்கத்தோடு கிடைக்கும். பெரும்பாலும் தொகையும் தெரியும். ரிப்போர்ட்டரில் 'மேட்ச்மேக்கர்' என்றொரு வசதி உண்டு. உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டினால் அதற்கு நெருக்கமான, நிதி பெற்ற திட்டங்களையும், அவற்றைக் கவனிக்கும் ப்ரோகிராம் ஆஃபீசர்களின் பெயர்களையும் காட்டும். அமெரிக்கப் பணம் உங்களுக்கு வேண்டாம் என்றாலும் இதைச் செய்து பாருங்கள்; உங்கள் ஆய்வை நிதி கொடுப்பவர் எந்தப் பெட்டியில் போடுவார் என்று தெரிந்துவிடும்.

அந்தச் சுருக்கங்களைப் படிக்கும்போது சொற்களைக் கவனியுங்கள். ஆய்வாளர் தன் முறையின் பெயரால் தேடுவார். நிதி கொடுப்பவர் பிரச்சினையின் பெயரால் அறிவிப்பார். பாக்டீரியா ஒட்டுப்படலத்தை ஆராய்பவர் 'பயோஃபிலிம்' என்று தேடினால் சொற்பமாகவே கிடைக்கும். அதே ஆய்வு 'மருந்துக்குக் கட்டுப்படாத நுண்ணுயிரிகள்' என்ற தலைப்பின் கீழும் வரும், 'குடிநீர்ப் பாதுகாப்பு' என்பதிலும் வரும், 'உடலில் பொருத்தும் மருத்துவக் கருவிகள்' என்பதிலும் வரும். மூன்றும் வேறு வேறு வாசல்கள். உங்கள் தலைப்புக்கு இப்படி ஆறேழு பெயர் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அறிவிப்புகளுக்குள் போங்கள்.

அறிவிப்புகளுக்கு 'பிவட்', 'ரிசர்ச் ப்ரொஃபெஷனல்' இரண்டும் விரிவானவை. இரண்டுமே சந்தா கட்டிப் பார்ப்பவை. உங்கள் பல்கலைக்கழக நூலகமோ ஆய்வு அலுவலகமோ கட்டியிருக்கலாம், கேட்டால்தான் தெரியும். ஐரோப்பியப் பணியிடங்களுக்கும் ஃபெல்லோஷிப்களுக்கும் 'யூராக்சஸ்' இலவசம். வாராந்திர மின்னஞ்சல் வரும்படி வைக்கும்போது வடிகட்டியை ரொம்ப இறுக்காதீர்கள். துறை, நாடு, தொகை, பதவி என்று நான்கையும் பூட்டினால் வாரம் ஒன்றுகூட வராது. இரண்டு போதும்.

தேதி முடிந்த அறிவிப்பைக் கண்டதும் மூடிவிடுவது இன்னொரு தவறு. பெரும்பாலான திட்டங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே வாரத்தில்தான் மூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் 2022 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் மூடியது. போன ஆண்டு அறிவிப்பை வைத்தே எழுதத் தொடங்கலாம்; புதிய ஆவணம் வந்ததும் விதிகள் மாறியிருக்கின்றனவா என்று மட்டும் வரிவரியாக ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டியல் நாற்பது ஆகிவிட்டதா? இனி தள்ளும் வேலை. அறிவிப்பில் 'நோக்கம்' பகுதியை ரசித்துப் படிக்க வேண்டாம், நேராகத் தகுதிப் பகுதிக்குப் போங்கள். முதலில் பிஎச்.டி. தேதி. வாய்மொழித் தேர்வு நாளா, பட்டம் உறுதியான நாளா, சான்றிதழில் அச்சான நாளா? மூன்றும் சில மாத இடைவெளியில் இருக்கும். எதை எண்ணுவது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். தகுதிக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்து விலகியவர்களில் சிலர் உண்மையில் உள்ளே இருந்தவர்கள். குழந்தைப் பிறப்பு, நீண்ட நோய், கட்டாய ராணுவ சேவை போன்றவற்றுக்குக் காலம் நீட்டிக் கொடுக்கும் திட்டங்கள் பல. இ.ஆர்.சி. என்கிற ஐரோப்பிய ஆய்வு மன்றம் தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் கூட்டித் தந்திருக்கிறது. ஆனால் ஆவணம் கேட்பார்கள்.

அடுத்து, இடப்பெயர்ச்சி விதி. மேரி க்யூரியில் இதில் விழுபவர்கள் நிறைய. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், நீங்கள் போக விரும்பும் நாட்டில் மொத்தமாக 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ முக்கியப் பணியைச் செய்திருக்கவோ கூடாது. விடுமுறை போன்ற குறுகிய தங்கல்கள் கணக்கில் வராது. ஆனால் 12 மாதம் என்பது தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை: ஏழு மாதம் ஒரு வேலை, ஓராண்டு கழித்து ஆறு மாதம் இன்னொன்று என்றால் 13, தகுதி போயிற்று. அதனால்தான் 'முதலில் ஆய்வகத்தில் சேர்ந்துவிடுங்கள், பிறகு ஃபெல்லோஷிப் போடலாம்' என்று யாராவது அன்பாகச் சொன்னால் உடனே காலண்டரை எடுங்கள்.

மறுவிண்ணப்பத் தடையும் உண்டு. மேரி க்யூரியில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மதிப்பெண் வாங்கினால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு விண்ணப்பிக்க முடியாது. இ.ஆர்.சி.யிலும் குறைந்த தரம் வந்தவர்கள் சில காலம் ஒதுங்கியிருக்க வேண்டும். 'சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்பதற்கு விலை இருக்கிறது. ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே விண்ணப்பம்தான் என்ற வகைத் திட்டங்களில், உள்ளேயே முதலில் ஒரு போட்டி நடக்கும். அதன் தேதி வெளி அறிவிப்பில் இருக்காது. பல மாதம் முன்பே முடிந்திருக்கும்.

நாற்பதில் ஐந்தோ ஆறோ மிஞ்சும். அது போதும். விண்ணப்பிக்கவே கட்டணம் கேட்கும் எதுவும் அதில் இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள்.

மிஞ்சியதில் ஒன்றாவது சிறிய தொகையாக இருப்பது நல்லது. துறைச் சங்கங்களின் பயண உதவி, ஆவணக் காப்பகங்களும் நூலகங்களும் கொடுக்கும் ஓரிரு மாதக் குறுகிய ஃபெல்லோஷிப், முன்னோட்டத் தரவு சேகரிக்கும் தொகை. மூன்று பக்கத்தில் முடியும் விண்ணப்பங்கள். பெரிய நல்கையின் மதிப்பீட்டாளர் 'இவரால் இது முடியுமா' என்று கேட்கும்போது இவைதான் பதில். சிறு தொகைகளின் தேர்வில் இப்போது குலுக்கலும் வந்துவிட்டது. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013-லும், பிரிட்டிஷ் அகாடமி 2022-லும், தரம் தாண்டிய விண்ணப்பங்களுக்குள் சீட்டுப் போட்டு எடுக்கத் தொடங்கின. தகுதியானவற்றுக்குள் முதலாவது எது, முப்பதாவது எது என்று பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்ட நேர்மை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

எழுதுவதற்கு முன் ப்ரோகிராம் ஆஃபீசருக்கு ஒரு மின்னஞ்சல். கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய வேலையே இதற்குப் பதில் சொல்வதுதான். 'என் ஆய்வு உங்கள் திட்டத்துக்குப் பொருந்துமா?' என்று மொட்டையாகக் கேட்டால் 'அறிவிப்பைப் பார்க்கவும்' என்று வரும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். குழாய்களில் உருவாகும் பாக்டீரியா ஒட்டுப்படலம் குளோரினைத் தாங்குவது எப்படி என்று ஆராயும் மூன்றாண்டுத் திட்டத்துக்கு உங்கள் குடிநீர்ப் பாதுகாப்பு நல்கையில் விண்ணப்பிக்க எண்ணுகிறேன். ஒரு பக்கச் சுருக்கம் இணைப்பில். இரண்டு கேள்விகள்: ஆய்வகச் சோதனையோடு நிற்கும் திட்டங்களை ஏற்பீர்களா, களச் சோதனை கட்டாயமா? கூட்டு ஆய்வாளர் வேறு நாட்டில் இருந்தால் அவருடைய சம்பளத்தை பட்ஜெட்டில் காட்டலாமா?"

ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்விகள். அவ்வளவுதான். 'களச் சோதனை இல்லாதவற்றுக்கு வாய்ப்புக் குறைவு' என்று ஒரு வரி வந்தால், மூன்று மாத உழைப்பு மிச்சம்.

இனி காலக்கணக்கு. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணுங்கள். பல நல்கைகளில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை, பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற அலுவலருக்குத்தான். அவர்கள் ஐந்து வேலை நாளுக்கு முன்பே முழுக் கோப்பும் கேட்பது சாதாரணம். நிறுவனமே பதிவு செய்ய வேண்டிய தளங்களும் உண்டு. அமெரிக்க அரசு நல்கைக்கு யு.இ.ஐ. என்ற அடையாள எண் வேண்டும், முதல் முறை பதிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். கடைசி நேரம் எந்த ஊர் நேரம் என்பதையும் பாருங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 17:00 என்பது பிரஸ்ஸல்ஸ் நேரம், என்.எஸ்.எஃப்.பின் மாலை 5 மணி விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் உள்ளூர் நேரம். பரிந்துரைக் கடிதம் கேட்டு தளம் தானாக அனுப்பும் மின்னஞ்சல் பலருக்கு ஸ்பேமில் போய் விழும். பேராசிரியருக்கு நீங்களே தனியாக ஒரு வரி எழுதி, 'வந்ததா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் அடிக்கடி வரும் பிழை, நிறுவனத்தின் பொதுச் செலவுக்காகச் சேர்க்கும் ஓவர்ஹெட் கணக்கு. உச்சவரம்பு 1,00,000, ஓவர்ஹெட் 25 சதவீதம் என்றால் பலர் 75,000 நேரடிச் செலவு, 25,000 ஓவர்ஹெட் என்று பிரிக்கிறார்கள். தவறு. நேரடிச் செலவின் மீது 25 சதவீதம் என்றால் 1,00,000-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும்: 80,000 நேரடி, 20,000 ஓவர்ஹெட். ஐயாயிரம் உங்கள் ஆய்வுக்கே திரும்பி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப் நல்கைகளில் பொதுவாக இந்த 25 சதவீதக் கணக்குதான். சில அறக்கட்டளைகள் ஓவர்ஹெட்டே தருவதில்லை, அப்போது பல்கலைக்கழகத்தின் ஒப்புதலை முன்பே வாங்கிவிட வேண்டும். ஒருவர் எத்தனை மாத உழைப்பைத் தருகிறார் என்று காட்டும் ஆள்-மாதம் என்ற கணக்கும் தடுமாற வைக்கும். வேலை நேரத்தில் 20 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 12-இல் 2.4 மாதம், மூன்றாண்டுக்கு 7.2. இரண்டாம் ஆண்டுச் சம்பள உயர்வு, கருவிப் பராமரிப்பு, தரவைச் சேமித்து வைக்கும் செலவு ஆகியவற்றைச் சேர்க்க மறந்துவிட்டால் பிறகு யாரும் தரமாட்டார்கள்.

பக்க வரம்போடு விளையாட வேண்டாம். மேரி க்யூரியின் முதன்மைப் பகுதி பத்துப் பக்கம். பதினொன்றாவது பக்கம் மதிப்பீட்டாளரின் கண்ணுக்கே தெரியாமல் மறைக்கப்படும். பெரும்பாலும் அங்கேதான் வேலைத்திட்ட அட்டவணை இருந்திருக்கும். அதே திட்டத்தில் ஆய்வின் தரத்துக்கு 50, தாக்கத்துக்கு 30, செயல்படுத்துதலுக்கு 20 சதவீதம் மதிப்பெண். ஆய்வைப் பற்றி ஏழு பக்கம் எழுதிவிட்டு மீதி பாதி மதிப்பெண்ணை மூன்று பக்கத்தில் நெருக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்.எஸ்.எஃப்.பில் ஒரு பக்கச் சுருக்கத்திலேயே அறிவுசார் தகுதியையும் சமூகப் பயனையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். விட்டால் படிக்காமலே திருப்பி அனுப்பலாம்.

நிராகரிப்பு வந்தால் மதிப்பீட்டுரையை இரண்டு நாள் தொடாதீர்கள். பிறகு ஒவ்வொரு குறையையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: உண்மையான ஓட்டை, நாம் தெளிவாக எழுதாதது, மதிப்பீட்டாளரின் விருப்பு. 'இதைத்தான் நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தேனே' என்று கோபம் வந்தால் அது இரண்டாம் வகை. முதல் பக்கத்துக்கு வர வேண்டியது நாலாம் பக்கத்தில் கிடந்திருக்கிறது. என்.ஐ.எச்.சில் 37 மாதத்துக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம், பொதுவாக ஒரு பக்க முன்னுரையில் குறைகளுக்குப் பதில் சொல்லி. அந்தப் பக்கத்தில் வாதாடுபவர்களைவிட 'இதை மாற்றினோம், இங்கே பாருங்கள்' என்பவர்களே தேறுகிறார்கள்.

கிடைத்துவிட்டால் கையெழுத்திடும் முன் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும்? இன்னொரு ஃபெல்லோஷிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பணமும் கூட வருமா? வருவது சம்பளமா, உதவித்தொகையா? உதவித்தொகை என்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் பல இடங்களில் உங்கள் தலையில். அதைக் கழித்துப் பார்த்த பிறகுதான் உண்மையான தொகை தெரியும்.