மணிக்கு 77 ரூபாயில் தொடங்கிய மெய்க்காவல் வேலை

மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு 2017இல் ஊர் திரும்பியபோது எனக்கு வயது 37. ஓய்வூதியம் வந்தாலும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு அது மட்டும் போதாது. வங்கிக் காவலர் பணிக்குக் காத்திருப்பதா, தனியார் பாதுகாப்புக்குப் போவதா என்ற யோசனையில் இருந்தபோது, எனக்கு முன்பே ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர், "பி.எஸ்.ஓ. வேலைக்குப் போ, சம்பளம் கூடுதல்" என்றார். பி.எஸ்.ஓ. என்றால் ஒரு தனிநபரின் மெய்க்காவலர். எதைவிடக் கூடுதல் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்சியில் சேர வேண்டுமானால், காவல் துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பும் பயிற்சிச் சான்றிதழும் தேவை. இத்துறைக்குப் புதிதாக வருபவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் உண்டு. முன்னாள் படைவீரருக்கு அது 40 மணி நேரமாகவும் 16 மணி நேரமாகவும் குறைகிறது. பயிற்சியில் வாயிற்காவல், தீயணைப்பு, அடையாள அட்டை சரிபார்ப்பு ஆகியவற்றை நன்றாகவே கற்பித்தார்கள். ஆனால், ஒரு மனிதரோடு நாள் முழுதும் நடந்துகொண்டே அவரைக் காப்பது எப்படி என்பதைப் பற்றி அங்கே அதிகம் பேசப்படவில்லை. அதை நான் வேலையில்தான் கற்றேன்.

முதல் பணி கோவையில் ஒரு பஞ்சாலை உரிமையாளரிடம் கிடைத்தது. கைக்கு வந்தது மாதம் 24,000 ரூபாய். பட்டாளத்துக்காரனுக்கு இது கௌரவமான தொகை என்று மகிழ்ந்தேன். மூன்றாம் மாதம் ஒரு திருமண மண்டப வாசலில் நள்ளிரவு வரை நின்றிருந்தபோதுதான் கணக்குப் போட்டேன்: நாளுக்கு 12 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 312 மணி நேரம், மணிக்கு 77 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. விருந்து, வெளியூர்ப் பயணம் என்று நேரம் நீண்ட நாட்கள் இக்கணக்கில் சேரவில்லை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டின் வரம்புக்குள்ளும் நான் வரவில்லை. முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் எனக்கு இருந்தது. என்னோடு வேலை பார்த்த, படையில் பணிபுரியாத இளைஞருக்கு எதுவும் இல்லை.

துப்பாக்கி உரிமம் இருந்தால் சம்பளம் உயரும் என்று ஏஜென்சியில் சொன்னதால் விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த அலுவலர், "உங்கள் உயிருக்கு ஆபத்தா, முதலாளி உயிருக்கா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆவணங்களோடு பலமுறை அலைந்து, 14 மாதங்களுக்குப் பின் 2019இல் உரிமம் கிடைத்தது. சம்பளத்தில் 5,000 ரூபாய் கூடியது. ஆனால், என் உரிமம் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதால், முதலாளி பெங்களூருக்குப் புறப்பட்டால் துப்பாக்கியை வைத்துவிட்டே போக வேண்டும். விமானத்தில் போனால் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறவும் முடியாது. 2021 பிப்ரவரி 26 அன்று சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டபின், உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மே 2இல் வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகே என் துப்பாக்கி திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கும் அந்த 5,000 ரூபாயை ஏஜென்சி பிடித்துக்கொண்டது. அதே ஆளாக, அதே நேரத்துக்கு நின்றபோதும் துப்பாக்கி இல்லாததால் என் விலை குறைந்துவிட்டது.

சம்பளம் உண்மையில் உயர்ந்தது 2022இல், சென்னையில் ஒரு தொழில் குடும்பத்தில் ஏஜென்சி இல்லாமல் நேரடியாகச் சேர்ந்தபோதுதான். நேர்காணலில் உடற்கட்டைப் பற்றியோ குறி பார்ப்பதைப் பற்றியோ அதிகம் விசாரிக்கவில்லை. கார் ஓட்டத் தெரியுமா, இந்தியில் பேச முடியுமா, முதலுதவி தெரியுமா, போகவிருக்கும் இடத்துக்கு ஒரு நாள் முன்பே சென்று வாசல்கள், வாகனம் நிறுத்துமிடம், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றைப் பார்த்து எழுதித் தர முடியுமா என்றுதான் கேட்டார்கள். இந்தி, பட்டாளம் தந்தது. 45,000 ரூபாயில் சேர்ந்தேன். இப்போது 52,000 வாங்குகிறேன். வார விடுமுறை நாளில் எனக்குப் பதிலாக நிற்க ரிலீவர் வருகிறார், கோவையில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.

சட்டப்படி 65 வயது வரை இவ்வேலையில் இருக்கலாம். நடைமுறையில், எனக்கு வந்த விசாரிப்புகளில் பெரும்பாலானவை 45 வயதுக்கு உட்பட்டவரையே கேட்டன. எனக்கு அந்த வயது ஆகிவிட்டதால், அக்குடும்பத்தின் மூன்று வீடுகளுக்கும் காவலர் பணிமுறை அட்டவணை போடும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்கென்று தனியாக இன்னும் எதுவும் தரவில்லை. ஏப்ரலில் சம்பளம் பேசும்போது கேட்பதாக இருக்கிறேன்.