மீட்டர் 17.8 காட்டியது, பிளக் கரியாக இருந்தது

மூன்று வாரம், எட்டாயிரம் ரூபாய், கணக்கில்லாத பெட்ரோல். எக்சாஸ்ட் புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் காட்டிய எண்ணை அப்படியே நம்பியதில் போனது இவ்வளவு. ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன், ஆறவில்லை. இதே வேலையில் இறங்கியிருக்கும் இன்னொருவருக்காவது பணம் மிஞ்சட்டும்.

வண்டி 2004 மாடல் எஸ்டீம், 1.3 லிட்டர். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் பழைய ஈசியூவைக் கழற்றிவிட்டு, நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ஸ்பீடுயினோ ஈசியூவைப் போட்டு, லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ மென்பொருளில் நானே டியூன் செய்கிறேன். சென்சார் எல்எஸ்யூ 4.9 மாடல். சைலன்சர் கடையில் பைப்பில் ஓட்டை போட்டு, சென்சாருக்கான நட்டை வெல்டு வைத்துத் தந்தார்கள். வயரிங், முதல் ஸ்டார்ட் எல்லாம் ஒரே சனி ஞாயிறில் முடிந்தது.

சிக்கல் ஐடிலில்தான், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் வண்டி நின்றபடி ஓடும்போதுதான் தொடங்கியது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் மீட்டரில் 17.8. சில சமயம் 18-ஐத் தாண்டும். இந்த எண் பெட்ரோலைப் போல் எத்தனை மடங்கு எடைக் காற்று என்பது. 14.7 பக்கம் இருக்க வேண்டும்; ஏறினால் லீன், பெட்ரோல் குறைவு; இறங்கினால் ரிச், பெட்ரோல் அதிகம். அவ்வளவு லீன் என்றால் இன்ஜின் தடுமாற வேண்டும். ஆனால் வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் பெட்ரோல் நெடி, கண் எரிச்சல். அந்த நெடியை அன்றைக்கே மதித்திருக்க வேண்டும். நான் லேப்டாப்பைத் திறந்து, ஐடில் பகுதியில் பெட்ரோலை ஐந்து சதவீதம் கூட்டினேன். எண் இறங்கவில்லை. இன்னும் ஐந்து. அப்புறம் இன்னும் ஐந்து. இரண்டு வாரம் இப்படியே போனது. கூட்டக் கூட்ட எண் இன்னும் மேலே ஏறியதுதான் எனக்குப் புரியவே இல்லை.

சென்சார் போய்விட்டது என்று உதிரிபாகக் கடையில் அடித்துச் சொன்னார்கள். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாயிரம் கொடுத்துப் புதியது வாங்கினேன். அதன் வயர் பழையதைவிட ஒரு சாண் குட்டை. எலக்ட்ரீஷியனிடம் விட்டு மாட்டி எடுத்து வந்தேன். ஐடிலில் அதே 17.8.

சென்சார் மேல் சந்தேகம் வந்தால் காசு கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சென்சாரைப் பைப்பிலிருந்து கழற்றி, கனெக்டரை மாட்டியபடியே வெறும் காற்றில் தொங்கவிட்டு இக்னிஷனைப் போடுங்கள். சூடாக ஒரு நிமிடம் விடுங்கள். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறது, அதனால் மீட்டர் தன்னுடைய லீன் எல்லையைத் தொட்டு நிற்க வேண்டும். தொட்டால் சென்சாரில் உயிர் இருக்கிறது. சூடான சென்சாரைக் கையால் தொட்டுவிடாதீர்கள். இந்த ஐந்து நிமிட வேலையை எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியில் எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் போனேன். கார்புரேட்டர் காலத்து ஆள். லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீட்டர் சொல்றது இருக்கட்டுங்க தம்பி, பிளக்கக் கழட்டுங்க" என்றார். நான்கு பிளக்கும் கரி. அடுப்புக்கரி மாதிரி, விரலில் ஒட்டியது. லீனாக ஓடும் இன்ஜினில் பிளக் ஒருநாளும் அப்படி இருக்காது.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. இந்த சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான் எண்ணைச் சொல்கிறது. அந்த ஆக்சிஜன் எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. சென்சாருக்கு முன்னால் எக்சாஸ்டில் எங்காவது ஓட்டை இருந்தால், ஐடிலில் ஒரு புகைத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே பைப்புக்குள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். மீட்டர் அதை லீன் என்று காட்டும். நான் பெட்ரோலைக் கூட்டக் கூட்ட பிளக் கரி பிடித்தது, மிஸ்ஃபயர் ஆனது. எரியாத சிலிண்டரில் ஆக்சிஜனும் செலவாகாமல் வெளியே வரும். அதையும் சென்சார் பார்த்து, எண் இன்னும் மேலே போனது. இருந்த நோயை நானே வளர்த்திருக்கிறேன்.

ஓட்டையைக் கண்டுபிடித்தது வேக்குவம் கிளீனர். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, காற்றை ஊதும் பக்கத்தை சைலன்சர் வாயில் துணி சுற்றிச் சொருகினோம். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டிலிருந்து சென்சார் வரைக்கும் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். மேனிஃபோல்டும் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கட் ஓரமாக நுரை பொங்கியது. சென்சார் நட்டைச் சுற்றிய வெல்டிலும் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை, அதில் குமிழி குமிழியாக வந்தது. சைலன்சர் கடைக்குத் திரும்பப் போனால், "எங்க வெல்டுல லீக்கே வராது" என்றார்கள். போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டியபிறகுதான் மறுபடி வெல்டு வைத்தார்கள். வெல்டு வைத்த கையோடு இந்த சோப்புத் தண்ணீர் சோதனையை அங்கேயே செய்யச் சொல்லுங்கள், காசை அப்புறம் கொடுங்கள்.

புது கேஸ்கட், துடைத்த பிளக், பெட்ரோல் பழைய அளவு. ஐடிலில் 14.5. அன்றைக்கு அண்ணனுக்கு டீ, பஜ்ஜி எல்லாம் என் செலவு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் பைபாஸில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தபோது எண் 11-க்கு இறங்கியது. சென்சார் மாற்றுவதற்கு முன் லேப்டாப்பில் எடுத்த பதிவில் அதே இடத்தில் 12.6 இருந்தது, அந்தப் பகுதியில் நான் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை. சீரான வேகத்தில் 14.7 பக்கம் சரியாகவே காட்டுகிறது. ரிச் பக்கம் போனால் மட்டும் அளவுக்கு மீறிக் காட்டுகிறது.

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வயர் எட்டவில்லை என்று எலக்ட்ரீஷியன் புது சென்சாரின் கனெக்டரையே வெட்டி எறிந்துவிட்டு, ஐந்து வயரையும் நிறம் பார்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். ஆறாவது வயர் சும்மா தொங்கியது. எல்எஸ்யூ 4.9-இல் சென்சாரிலிருந்து வருவது ஐந்து வயர், கனெக்டரில் இருப்பது ஆறு பின். ஒவ்வொரு சென்சாருக்கும் தொழிற்சாலையில் அளந்து வைத்த ஒரு சிறிய ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால், சென்சாரைப் படித்து மீட்டருக்கும் ஈசியூவுக்கும் எண்ணை அனுப்பும் என் கன்ட்ரோலர் சென்சாரின் கரண்டைக் கூட்டிப் படிக்கிறது. 14.7-இல் அந்தக் கரண்ட் பூஜ்யம், அதனால் அங்கே தப்பு தெரியவில்லை. விலகிப் போகப் போகத்தான் பிழை பெருகியது. வயர் எட்டவில்லையா, எக்ஸ்டென்ஷன் கேபிள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கனெக்டரில் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள்.

வெட்டிய கனெக்டர் குப்பையோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் பழைய சென்சாரை எடுத்துக் காற்றில் சோதித்தேன். எல்லையைத் தொட்டு நின்றது. மாட்டினேன். முழு ஆக்சிலேட்டரில் 12.6. போய்விட்டது என்று கடையில் தீர்ப்பு சொன்ன அதே சென்சார்தான் இன்றைக்கும் வண்டியில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒன்று. மீட்டரில் 14.7 என்றால் லேப்டாப்பில் 15.1, ஹெட்லைட் போட்டால் 15.2. ஹெட்லைட்டுக்கும் காற்று விகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? எர்த்தைத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் அதை 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க நல்ல கரண்ட் இழுக்கும். கன்ட்ரோலரின் எர்த் டேஷ்போர்டு இரும்பில் முறுக்கியிருந்தது, ஈசியூவின் எர்த் இன்ஜின் பிளாக்கில். இரண்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வைத்தால் 0.2 வோல்ட். என் கன்ட்ரோலர் ஈசியூவுக்கு அனுப்பும் சிக்னலில் 0 வோல்ட் என்றால் விகிதம் 10, 5 வோல்ட் என்றால் 20, ஆக 0.2 வோல்ட்டுக்கு 0.4 தப்பு. கன்ட்ரோலர் எர்த்தையும் பிளாக்கில் அதே போல்ட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு எண்ணும் ஒன்றாகிவிட்டன. ஆட்டோடியூன் போடுவதற்கு முன் இதை அவசியம் பாருங்கள், இல்லாவிட்டால் தப்பான எண்ணை வைத்து அதுபாட்டுக்கு பெட்ரோலை மாற்றிக்கொண்டே போகும்.

இன்னும் இரண்டு விஷயம். ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கும்போது மீட்டர் லீன் எல்லைக்குப் போனால் பயப்படாதீர்கள். இன்ஜெக்டர் மூடியிருக்கிறது, பைப்பில் வெறும் காற்றுதான் போகிறது. அப்புறம், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5 பக்கம் வரும், ஆனாலும் மீட்டர் 14.7 என்றே காட்டும். சென்சாருக்குத் தெரிந்தது லாம்டா மட்டும், அதாவது தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்ற எண்; சரியான கலவைக்கு அது 1. மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது மீட்டரை லாம்டாவுக்கே மாற்றிவிட்டேன்.

போன ஞாயிறு மறுபடி பிளக்கைக் கழற்றினேன். நான்கும் வெளிர் பழுப்பு. அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டுங்க" என்றார்.