கூழைத் துப்பியவள் மீன் தின்ற கதை

என் மனைவி பிரசவத்துக்கு முந்தின நாள் வரை வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதனால் 26 வார மகப்பேறு விடுப்பு முழுவதும் பிள்ளையோடு இருக்கக் கிடைத்தது. விடுப்பு முடிந்த வாரமும் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்த வாரமும் ஒன்றாகவே வந்தன. தாய்ப்பாலோடு வேறு சாப்பாடும் தொடங்க வேண்டிய நேரத்தில் அம்மாக்காரி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நானும் என் அம்மாவும்தான் பகலில் ஊட்ட வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் பிள்ளைக்கு முதலில் என்ன கொடுப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. ஏத்தங்காயை, அதாவது நேந்திரன் வாழைக்காயைத் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, வெயிலில் காயவைத்துப் பொடித்து வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவார்கள். ராகியை ஊறவைத்து, முளைகட்டி அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் கூழ் காய்ச்சுவார்கள். அப்புறம் மட்டி வாழைப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே பழம். ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகள் முதலில் ருசி பார்ப்பது அதைத்தான்.

இவள் மூன்றையும் துப்பினாள். ஆறு மாதப் பிள்ளை நாக்கால் வெளியே தள்ளுவது சகஜம், பாலை உறிஞ்சிப் பழகின நாக்குக்குச் சோற்றைப் பின்னால் தள்ளத் தெரிய நாளாகும் என்று அம்மா சொன்னாள். சரி என்று காத்திருந்தோம். ஏழாம் மாதத்தில் துப்புவதற்கே வேலை வைக்கவில்லை. கரண்டியைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். மீறிக் கொண்டுபோனால் கையால் ஒரு தட்டு. கூழ் என் சட்டையில். அடுத்து எனக்கு அலுவலக மீட்டிங்.

அம்மா கருப்பட்டி போட்டுப் பார்க்கலாம் என்றாள். தேன் தொட்டு நாக்கில் வைத்தால் ருசி பிடிக்கும் என்றாள் எதிர்வீட்டு ஆச்சி. தேனுக்கு மட்டும் நான் அசையவே இல்லை. ஒரு வயது வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், நரம்பையே பாதிக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் லேசில் சாகாது. ஒரு சொந்தக்காரர் போனில் பாட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார். வாய் தானாகத் திறக்கும், உண்மைதான். ஆனால் தான் என்ன தின்கிறோம், வயிறு நிறைந்ததா என்றே தெரியாமல் விழுங்குகிற பிள்ளையை எனக்குப் பார்க்கச் சகிக்காது. காக்கா காட்டுவது தேவலை. அது பறந்துபோனதும் பிள்ளை தட்டைத் திரும்பிப் பார்க்கவாவது செய்யும்.

டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு வளர்ச்சி அட்டையைக் காட்டினார். கோடு அதன் வழியில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. முதல் சில மாதங்களில் ஏறின வேகம் பிற்பாடு எந்தப் பிள்ளைக்கும் இருக்காதாம். அவர் கவலைப்பட்டது இரும்புச்சத்துக்கு. வயிற்றிலிருக்கும்போது தாயிடமிருந்து சேர்த்துவைத்தது ஆறு மாதவாக்கில் தீர்ந்துபோகும், தாய்ப்பாலில் இருப்பது அதற்கு மேல் போதாது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் அம்மா வீட்டை இரண்டாக்கியிருப்பாள். பிறகு, “எப்போ ஊட்டுறீங்க?” என்று கேட்டார். பால் குடித்துக் கொஞ்ச நேரத்தில் என்றேன். “பசிக்காத பிள்ளை எதுக்கு வாயத் திறக்கணும்?” என்றார். பாலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடச் சொன்னார். கூழ் கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, தண்ணீராகக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து போகாது என்றார்.

கெட்டியாக்கினோம், நேரத்தை மாற்றினோம். கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

திருப்பம் வந்தது என் தட்டிலிருந்து. எட்டாம் மாதத்தில் ஒரு காலை இடியாப்பம் தின்றுகொண்டிருந்தேன். மடியில் இருந்தவள் கை நீட்டி ஒரு பிடி அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். சப்பினாள், ஈறால் மென்றாள், உடனே குமட்டினாள். அம்மா ஓடிவந்து முதுகில் தட்டப் பார்த்தாள். நான் தடுத்தேன். குமட்டலும் தொண்டை அடைப்பும் வேறு வேறு. குமட்டுகிற பிள்ளை இருமும், சத்தம் போடும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. அப்போதுதான் பிள்ளையைக் கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து முதுகில் தட்ட வேண்டும். இவள் இருமித் துப்பிவிட்டு, திரும்பவும் தட்டைப் பார்த்தாள்.

இவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் இல்லை, மசியலும் ஊட்டுகிற கையும்தான் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது. அம்மா ஒத்துக்கொள்ள மாதமாயிற்று. “கொழுகொழுன்னு இருந்த பிள்ளைய இப்படி அள்ளித் தின்ன விட்டா எப்படி மக்கா உடம்பு தேறும்?” என்பாள். நாங்கள் சாப்பிடும்போது அவளையும் நிமிர்த்தி உட்காரவைத்து, இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டி முன்னால் வைத்தோம். வேகவைத்த பூசணித் துண்டு, விரலால் நசுக்கினால் மசிகிற கேரட். வேகாத கேரட், முழுக் கடலை, முழுத் திராட்சை எதுவும் பக்கத்தில் வராது. கையில் ஒரு கரண்டியையும் கொடுத்துவிட்டால் அதை ஆட்டிக்கொண்டே, நான் நீட்டுகிற இன்னொரு கரண்டிக்கும் வாய் திறந்தாள். தரையெல்லாம் சோறு. பழைய செய்தித்தாள் விரித்தேன். காக்கைக்கும் பங்கு கிடைத்தது.

அவள் இனிப்புக்காரி இல்லை என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. தக்காளி போட்டு வேகவைத்த பருப்பு என்றால் போதும், நாலைந்து கரண்டி உள்ளே போகும். இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பும் உதவும் என்பது கூடுதல் லாபம். எங்கள் குழம்பிலேயே உப்பும் மிளகாயும் சேர்ப்பதற்கு முன் அவளுக்கு எடுத்துவைத்துவிடுவோம். ஒரு துளி தேங்காய் எண்ணெய் அல்லது நெய். புதிதாக ஒன்று கொடுத்தால் இரண்டு மூன்று நாள் அதைத் தவிர வேறு புதிது கிடையாது, ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எதனால் என்று தெரிய வேண்டும் அல்லவா. வேண்டாம் என்றதைச் சில நாள் விட்டுத் திரும்ப வைப்போம். பீன்ஸை எத்தனை தடவை எறிந்தாள் என்று நான் எண்ணவில்லை.

ஒன்பதாம் மாதம் முட்டைக்கும் மீனுக்கும் சண்டை. பல்லே முளைக்காததற்கு மீனா என்றாள் அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் ஆறு மாதத்திலிருந்தே முட்டை, மீன், இறைச்சி தினமும் இருக்கட்டும் என்கிறது என்றேன். அம்மா நிறுவனத்தை மதிக்கவில்லை, டாக்டரம்மா தலையாட்டியதும் மதித்தாள். விளமீனை ஆவியில் வேகவைத்து, முள்ளை இரண்டு தடவை விரலால் துழாவி எடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்தாள். பிள்ளை தட்டை வழித்தாள்.

இப்போது ஒரு வயதாகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஆனதுதான் அவளுக்கும், காரம் மட்டும் இல்லாமல். சில நாள் நன்றாகத் தின்பாள், சில நாள் நாலு வாயோடு தட்டைத் தள்ளுவாள். தள்ளினால் எடுத்துவிடுகிறோம். ராகிக் கூழ் இன்றுவரை இறங்கவில்லை. அதே மாவைத் தோசையாக ஊற்றித் துண்டு போட்டு வைத்தால் தின்கிறாள்.